மகளைத் தூக்க முடியாத கைகள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு புரட்டாசி மாதம். குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆசிரியை. என் மகளும் அங்கேதான் நான்காம் வகுப்பு. தினமும் என் ஸ்கூட்டியில்தான் இருவரும் போவோம்.

அதற்கு ஒன்றரை வருடம் முன்புதான் எடை குறைய, தஞ்சாவூரில் வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டேன். நூற்றுப் பதினாறு கிலோ இருந்தவள் எழுபதுக்கு வந்தேன். இன்சுலின் ஊசி, சர்க்கரை மாத்திரை எல்லாம் நின்றுபோயின. "டீச்சர், சின்னப் பொண்ணாட்டம் ஆயிட்டீங்க" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்ல, அதில் மயங்கிவிட்டேன். முட்டை, பருப்பு நிறையச் சாப்பிட வேண்டும், உடற்பயிற்சி வேண்டும், தவறாமல் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று டாக்டர் சொன்னதில் ஒன்றையும் செய்யவில்லை. சுலபமாக இறங்கியது இட்லியும் ரசம் சாதமும்தான். முடி கொட்டியது. படியேறினால் கால் நடுங்கியது. எடை குறைகிறதே, போதும் என்றிருந்தேன்.

அந்தப் புரட்டாசியில் ஒரு நாள் காலை பக்கத்து வீட்டில் கொடுத்த சர்க்கரைப் பொங்கலை ஆசையாகச் சாப்பிட்டேன். சர்க்கரை நோய்தான் போய்விட்டதே! ஒரு மணி நேரம் கழித்து, வாய்க்கால் கரை ரோட்டில் போகும்போது திடீரென வேர்த்துக் கொட்டியது. வண்டியை நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது. எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

நினைவு வந்தபோது இருவரும் வாய்க்காலுக்குள் கிடந்தோம். மகளின் கழுத்துவரை தண்ணீர். "அம்மா, கை வலிக்குது, தூக்கும்மா" என்று அலறினாள். இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். முடியவில்லை. மறுபடியும் முயன்றேன். அவளையும் இழுத்துக்கொண்டு நானே சரிந்தேன். குண்டாக இருந்த காலத்தில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறியவள் நான்.

வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்தார். "விடுங்கம்மா, நான் தூக்குறேன்" என்று ஒரே மூச்சில் அவளைக் கரையேற்றினார். பிறகு என்னை.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது எனக்குச் சர்க்கரை நாற்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. தஞ்சாவூர் டாக்டர், உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று காட்டும் ஒரு மெஷினில் ஏற்றி நிறுத்திப் பார்த்தார். "கொழுப்பு மட்டும் குறையலம்மா, தசையும் போயிருக்கு. இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் சிலருக்கு இனிப்பு சாப்பிட்டா கொஞ்ச நேரத்துல சர்க்கரை சட்டுனு எறங்கிடும். இதுக்குத்தானே வரச் சொன்னேன்?" என்றார்.

இப்போது முட்டையும் பயறும் சாப்பிடுகிறேன், பயிற்சியும் செய்கிறேன். போன தெம்பில் பாதிகூடத் திரும்பவில்லை. மகளின் முறிந்த முழங்கை இன்றும் முழுதாக நீளவில்லை. அவள் அப்பாவோடுதான் பள்ளிக்கு வருகிறாள். நான் கூப்பிட்டாலும், "வேணாம்மா" என்று மெல்லச் சொல்லிவிடுகிறாள்.

அந்தப் பெண் அன்று பக்கத்து வயலில் இல்லாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு ஒரு நாளும் என்னை விட்டதில்லை. நான் தூக்க முடியாமல் போனதை என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை மட்டும் என்னால் இன்னும் தாங்கிக்கொள்ள முடியவில்லை.