பிள்ளையார் போட்ட மார்க்

எங்கள் வீட்டில் விமர்சனம் என்பது சித்தப்பா கொண்டுவந்த புது வழக்கம் இல்லை. அது குலத்தொழில் என்றே சொல்லலாம். பழைய கோட்டை மதிலுக்குள் இருந்த எங்கள் தெருவில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் சரி, சாப்பிட்டுவிட்டுச் செருப்பைத் தேடுவதற்குள் பிரதமன் பாயசம் எப்படி, எரிசேரிக் கூட்டு எப்படி, நாதஸ்வரம் எப்படி என்று தீர்ப்பு சொல்லி முடித்திருப்பார்கள். அதில் பெரியப்பாதான் உச்ச நீதிமன்றம். அவர் வாயிலிருந்து "மோசமில்லை" என்று வந்துவிட்டால் அந்தச் சமையல்காரருக்கு அடுத்த முகூர்த்தங்களுக்கெல்லாம் வேலை நிச்சயம். "நன்னா இருக்கு" என்று அவர் எதைப் பற்றியும் சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஒருமுறை நெருங்கிய உறவில் ஒரு கல்யாணம். பெண்ணின் தகப்பனாரே பந்தியில் வந்து நின்று, பாலடைப் பாயசம் எப்படி என்று விசாரித்தார். அடிப்பிடித்திருக்கிறது என்று பெரியப்பா இலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்லிவிட்டார். அதோடு அந்த வீட்டுக்கும் எங்களுக்கும் கொஞ்ச காலம் போக்குவரத்து நின்றுபோயிற்று. ஏன் இப்படிச் சொல்லித் தொலைத்தீர்கள் என்று அம்மா ஜாடைமாடையாகப் புலம்பினாள். "கேட்டா, சொன்னேன்" என்பதோடு பெரியப்பா நிறுத்திக்கொண்டார்.

அப்பேர்ப்பட்டவருக்குத்தான் சொந்தத் தம்பி கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு மார்க் போடுவது பொறுக்கவில்லை.

அப்பா அப்போது துபாயில் இருந்தார். வீட்டில் பெரியப்பா, சித்தப்பா, அம்மா, நான். பெரியப்பா ஆடிட்டர் ஆபீஸில் பழம் தின்று கொட்டை போட்டவர். சித்தப்பாவைக் கிழக்கேகோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுத அவர்தான் சேர்த்துவிட்டிருந்தார். சித்தப்பா கடையில் கூட்டல் கழித்தல் முடித்துவிட்டு வந்து, மாடி அறையில் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தால் ஆளே மாறிவிடுவார். விளையாட்டுகளை ஆடிப் பார்த்து, எது தேறும் எது தேறாது என்று ஓர் இணையதளத்தில் இங்கிலீஷில் எழுதுவார். கடைசியில் பத்துக்கு இத்தனை என்று ஒரு மார்க்.

அந்த மார்க்கில் எனக்கும் பங்கு உண்டு என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். புதிதாக எது வந்தாலும் முதலில் அவர் ஆடுவார். பிறகு என்னை ஆடவிட்டு, திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பார். நான் எந்த இடத்தில் கொட்டாவி விடுகிறேன், எந்த இடத்தில் நாற்காலி நுனிக்கு வருகிறேன் என்பதெல்லாம் அவருக்கு வேண்டியிருந்தது. மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் கொட்டாவிக்கு ஜப்பான் வரைக்கும் மதிப்பு இருப்பதாக நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன்.

ஆனால் என்னுடைய மார்க்கும் அவருடைய மார்க்கும் ஒத்துப்போனதே இல்லை. பசு வரும் விளையாட்டு எதுவானாலும் நான் முழு மார்க் போட்டுவிடுவேன். பேய் பங்களா ஒன்று வந்தது. கதவைத் திறந்ததும் ஒரு கை நீண்டு வந்தது. நான் அலறிக்கொண்டு கீழே ஓடி அம்மாவின் புடவைக்குள் புகுந்துகொண்டேன். அதற்கு நான் போட்டது முட்டை. சித்தப்பா ஒன்பது போட்டிருந்தார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

"நீ பயந்து ஓடினியோ இல்லையோ? அதுக்குத்தானே அதைப் பண்ணியிருக்கான். பாயசத்துல காரமில்லைன்னு மார்க் குறைக்கலாமா?" என்றார்.

பேய் விளையாட்டைப் பேயாகவும், கார் விளையாட்டைக் காராகவும், கட்டம் அடுக்குவதைக் கட்டமாகவும் பார்க்க வேண்டுமாம். எனக்கு அது சுத்த அநியாயமாகப் பட்டது.

இப்படி இருக்கையில், அந்த இணையதளத்துக்காரர்கள் சித்தப்பாவை முழுநேர வேலைக்கு அழைத்தார்கள். வீட்டிலிருந்தே எழுதலாம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சித்தப்பா முகத்தில் அன்று இருந்த வெளிச்சம் பெரியப்பா ஆபீஸிலிருந்து வரும்வரைதான் நீடித்தது.

"விளையாட்டுக்கு மார்க் போடறதாக்கும் ஜோலி? நாளைக்கு உனக்குப் பெண் கேட்டுப் போனா, பிள்ளை என்ன பண்றான்னு கேப்பா. நான் என்னன்னு சொல்லட்டும்? வேண்டாம், கேட்டயா" என்றார் பெரியப்பா. அத்துடன் தீர்ப்பு முடிந்தது.

சித்தப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தாய் தகப்பன் இல்லாத தம்பியைக் குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவர் பெரியப்பா. அவர் சொல்லைத் தாண்டிப் போவது சித்தப்பாவுக்கு நினைத்துப் பார்க்கக்கூட முடியாத காரியம். அந்த வாரம் முழுதும் அவர் மாடிக்குப் போகவில்லை. தட்டில் போட்டதைத் தின்றார், கடைக்குப் போனார், வந்து படுத்தார். என்னைப் பார்த்தால் மட்டும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு அழுகை வரும். இனிமேல் மாடியில் விளையாட்டே கிடையாதா என்பது என் கவலை. அவருக்கு ஆயுசுக்கும் அந்தக் கடையின் கூட்டல் கழித்தல்தானா என்பது அம்மாவின் கவலை.

சனிக்கிழமை சாயங்காலம் பெரியப்பா திடீரென்று சித்தப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டு மாடி ஏறினார். நானும் பின்னாலேயே ஓடினேன். "அந்த ஜோலி என்னன்னு காட்டு" என்றார். வேண்டாம் என்று சொன்னதையும் ஒருதரம் சரிபார்த்துவிடுவது தணிக்கைக்காரர் புத்தி போலிருக்கிறது.

சித்தப்பா கார்ப் பந்தயத்தை வைத்துக் கொடுத்தார். பெரியப்பா துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு நாற்காலியில் அமர்ந்தார். பழவங்காடி முக்கில் ஸ்கூட்டர் ஓட்டுவது போலவே ஓட்டினார். யாரையும் முந்தவில்லை. வளைவு வந்தால் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, பிறகு திரும்பினார். மற்ற கார்களெல்லாம் முடித்துவிட்டு வீட்டுக்கே போயிருக்கும். கடைசியாக வந்து சேர்ந்தவர், வண்டியில் ஒரு கீறல்கூட விழவில்லை என்று எங்களைப் பெருமையோடு பார்த்தார். நான் சிரிப்பை அடக்கத் தொடையைக் கிள்ளிக்கொண்டேன்.

அடுத்தது பேய் பங்களா. கை நீண்டு வந்ததும் தோளில் இருந்த துண்டு தரையில் கிடந்தது. அதை யாரும் பார்க்கவில்லை என்று மூன்று பேரும் பாவனை செய்தோம்.

பிறகுதான் விசாரணை தொடங்கியது. இதையெல்லாம் யார் அனுப்புகிறார்கள் என்று கேட்டார். செய்கிற கம்பெனிக்காரர்களே அனுப்புவார்கள் என்றார் சித்தப்பா.

"ஓசியிலே வாங்கிண்டு, குறைச்சும் மார்க் போடறது உண்டோ?"

சித்தப்பா தயங்கித் தயங்கி ஒன்றைத் திறந்து காட்டினார். அது ஒரு வாள்சண்டை விளையாட்டு. எங்கே பார்த்தாலும் அதன் விளம்பரம்தான். மற்றவர்களெல்லாம் எட்டு, ஒன்பது என்று அள்ளி வீசியிருந்தார்கள். சித்தப்பா மூன்று போட்டிருந்தார். பார்ப்பதற்கு ஜிகினா, உள்ளே ஒன்றுமில்லை, ஒரே சண்டையைத் திரும்பத் திரும்பப் போட வைக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அந்தக் கம்பெனிக்காரர்கள் கோபித்துக்கொண்டு, இனி எதுவும் அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"அப்படி ஏண்டா எழுதினே?"

சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "கேட்டா, சொன்னேன்" என்றார்.

பெரியப்பா குனிந்து துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். போகும்போது வாசற்படியில் நின்று, "அந்தக் கார் மோசமில்லை" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வேறு நாளாக இருந்தால் அந்த ஒரு சொல்லுக்குச் சித்தப்பா கூத்தாடியிருப்பார். அன்று அவர் அசையவில்லை. வேலைக்குப் பெரியப்பா சொன்ன "வேண்டாம்" அப்படியேதானே இருந்தது.

ராத்திரி சாப்பாட்டின்போது பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வேண்டாம் என்று தான் ஒருதரம் சொல்லியாயிற்று, சொன்ன வார்த்தையை மாற்றுகிற வழக்கம் தனக்கு இல்லை, காலையில் பூக் கட்டிப் பார்ப்போம், பிள்ளையார் என்ன சொல்கிறாரோ அதுதான் என்றார்.

பூக் கட்டிப் பார்ப்பது எங்கள் வீட்டில் புதிதல்ல. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி வாழையிலையில் கட்டிச் சாமி முன்னால் வைத்து, வீட்டில் இருக்கும் குழந்தையைவிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். அந்த வீட்டில் இருந்த ஒரே குழந்தை நான்.

நான் அன்று சரியாகத் தூங்கவில்லை. நல்லதை எடுத்தால் சித்தப்பாவுக்கு வாழ்வு, தப்பாக எடுத்தால் என் கையாலேயே அவரை அந்தக் கடைக்குத் திருப்பி அனுப்பியதாகும். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் என்று வேண்டிக்கொண்டேன். அது போதுமா என்று சந்தேகம் வந்து, பசு விளையாட்டை ஒரு மாதம் கேட்பதில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன்.

காலையில் குளித்துவிட்டு வந்தபோது பூஜை அலமாரியின் முன் எல்லோரும் நின்றிருந்தார்கள். வழக்கமாகப் பொட்டலம் கட்டுவது அம்மாதான். அன்று பெரியப்பா தானே கட்டிக்கொண்டு வந்திருந்தார். கொல்லையில் தெச்சி சிவக்கச் சிவக்கப் பூத்திருக்கிறது, நான் பறித்துத் தருகிறேன் என்று அம்மா சொன்னதற்கு, யாரும் வர வேண்டாம் என்று வள்ளென்று விழுந்தாராம்.

விளக்கின் முன்னால் இரண்டு பொட்டலங்கள். சித்தப்பா கைகளைக் கட்டிக்கொண்டு, பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவர் போல ஓரமாக நின்றார். நான் இடது பக்கத்தைத் தொட்டேன். இல்லை, வலது என்று தோன்றியது. வலதைத் தொட்டதும் இடதுதான் சரி என்று பட்டது.

"எதை எடுத்தா என்ன, எடு" என்றார் பெரியப்பா.

எவ்வளவு இரக்கமில்லாத மனுஷர் என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி வலதை எடுத்தேன். அம்மா நூலைப் பிரித்தாள். உள்ளே நந்தியாவட்டை, வெள்ளை வெளேரென்று.

அம்மா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பா என்னைத் தூக்கிய வேகத்தில் என் தலை நிலைப்படியில் இடித்தது. வலிக்கவே இல்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த அம்மிக்கல்லை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. அப்படி ஒரு நிம்மதியை அதற்குப் பிறகு எந்தப் பரீட்சையும் எனக்குத் தரவில்லை. நாங்கள் எல்லோருமாகப் பழவங்காடி கணபதி கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தோம். சித்தப்பா ஓங்கி அடித்த அடியில் அது சில்லுச் சில்லாகச் சிதறியது. பெரியப்பா மட்டும் ஒன்றும் நடக்காதது போல, பிள்ளையார் சொன்னால் நான் என்ன செய்ய முடியும் என்று வழியில் பார்த்த நாலு பேரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் விளக்கேற்றுமுன் பழைய பூவை எடுத்துப் போடச் சொன்னாள் அம்மா. விளக்கின் பின்னால் மற்றப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. அந்தப் பாழாய்ப்போன சிவப்பு எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க நூலை அவிழ்த்தேன்.

அதிலும் நந்தியாவட்டை.

எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. சிவப்பைக்கூட வெள்ளையாக மாற்றியிருக்கிறார் பிள்ளையார்! நான் எதை எடுத்தாலும் சித்தப்பா தோற்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார்! இரண்டு கையிலும் பூவை ஏந்திக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன்.

"சித்தப்பா! இதுவும் வெள்ளை! பிள்ளையார் உனக்குப் பத்துக்குப் பத்து போட்டிருக்கார்!"

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சித்தப்பா என் கையில் இருந்த பூவைப் பார்த்தார். பிறகு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவைப் பார்த்தார். "அண்ணா" என்றார். கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நல்ல சேதிக்கு இவர் ஏன் அழுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

பெரியப்பா எங்கேயோ பார்த்துக்கொண்டு ஊஞ்சலைக் காலால் உந்தினார்.

"பத்தெல்லாம் ஜாஸ்தி. ஒம்பது போறும்."

எனக்கு வந்ததே கோபம். சாமியே போட்ட மார்க்கைக் குறைப்பதற்கு இவர் யார் என்று, அன்று ராத்திரி முழுதும் நான் பெரியப்பாவோடு பேசவே இல்லை.