பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டும்

மத்திகிரியிலிருந்து எங்களைக் கம்பெனிக்கு ஏற்றிப்போகும் வேன் டிரைவர், குடலிறக்க ஆபரேஷன் முடிந்து சீக்கிரமே வேலைக்குத் திரும்பிவிட்டார். ஒல்லியான மனிதர். சீட் பெல்ட் தையலை அழுத்தாமலிருக்க வயிற்றின்மேல் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொள்வார்.

அவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்காரும் நான் ஒருநாள் கேட்டேன்.

"டாக்டர் ஓட்டலாம்னு சொல்லிட்டாருங்களாண்ணா?"

"வலியில்லாம பிரேக்கை ஓங்கி மிதிக்க முடிஞ்சா ஓட்டலாம்னாரும்மா."

"முடியுதுங்களா?"

"இன்னும் அப்படி மிதிக்கிற மாதிரி எதுவும் வரல. வீட்லயே இருந்தா வேற ஆளைப் போட்டுருவாங்க."

அந்த வாரமே ஒரு திருப்பத்தில், குழந்தையோடு ஒரு பெண் ஸ்கூட்டரில் குறுக்கே வந்துவிட்டாள். அவர் பிரேக்கை மிதித்தார். வலியில் முகம் கோணியது. கால் பாதியிலேயே நின்றுவிட்டது. உடனே ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். எதிர்ப்புறம் நின்றிருந்த லாரியில் அவர் பக்கம் மோதி நசுங்கியது.

அந்தப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் ஒன்றுமில்லை. எங்களுக்குச் சிராய்ப்புகள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார்.

அந்த உடம்போடு ஓட்ட வந்தது தப்பு என்றார்கள் கம்பெனியில். தப்புதான். ஆனால் இடப்பக்கம் மதில்சுவர் இருந்தது. அங்கே திருப்பியிருந்தால் நான் போயிருப்பேன், அவர் பிழைத்திருப்பார். தெரிந்துதான் வலப்பக்கம் ஒடித்தாரா?