மரத்துக்கு அந்தப் பக்கம்

டெல்சிக்கு நாற்பத்தொரு வயது. அதில் இருபத்துமூன்று வருஷத்தை அவள் மரங்களைச் சுற்றி நடந்தே கழித்தாள். சிரிக்காதீர்கள். எங்கள் மேற்கு வர்ஜீனியா மலையில் அதுவும் ஒரு வேலைதான். அதைச் செய்ய ஆள் இல்லாத வீட்டில் கறி வேகாது.

அணில் லேசுப்பட்ட ஜென்மம் இல்லை. முதுகில் கோடு போட்ட சின்ன அணிலை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது சாம்பல் அணில், வாலோடு சேர்த்தால் முழங்கை நீளம் இருக்கும். நாம் மரத்துக்கு இந்தப் பக்கம் வந்தால் அது அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். நாம் சுற்றினால் அதுவும் சுற்றும். நாள் முழுக்கச் சுற்றினாலும் அதன் வால் நுனிகூடக் கண்ணில் படாது. அதனால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் துப்பாக்கியோடு அசையாமல் உட்கார வேண்டும். இன்னொருவர் மரத்துக்கு அந்தப் பக்கம் போய் ஒரு புதரைப் பிடித்து உலுக்க வேண்டும். அணில் அவருக்குப் பயந்து இந்தப் பக்கம் வரும்.

உட்காருகிறவன் அவள் புருஷன் ஆர்வில். உலுக்குகிறவள் டெல்சி. கல்யாணமான பதினெட்டு வயதிலிருந்து இதே ஏற்பாடுதான். பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. வீட்டில் இருந்தது இவர்கள் இரண்டு பேரும் அந்த ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியும்தான். அவன் சுட்டு விழுந்ததை அவள் பொறுக்கி வருவாள், உரிப்பாள், பொரிப்பாள், குழம்பு வைப்பாள். தலை மட்டும் அவன் தட்டுக்குப் போகும். சுட்டவருக்குத் தலை என்பது எங்கள் மலையில் பைபிளுக்கு அடுத்த சட்டம். மண்டையைக் கரண்டியின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டி, உள்ளே இருப்பதை அவன் உறிஞ்சிச் சாப்பிடுகிற சத்தம் முற்றம் வரைக்கும் கேட்கும்.

அப்படிப்பட்ட மனுஷன் இரண்டு மலை தள்ளிச் சுரங்கம் வெட்டுகிற வேலைக்குப் போனான். எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது புருவமெல்லாம் வெள்ளை. குளித்ததும் அந்த வெள்ளை போயிற்று. நெஞ்சுக்குள் போன கல்தூசி போகவில்லை. வேலை கொடுத்த பாவிகள் வாயில் கட்டிக்கொள்ள ஒரு துணிகூடக் கொடுக்கவில்லையாம். நாசமாய்ப் போகட்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் நவம்பரில் டாக்டர் வந்து பார்த்தார். டெல்சியை முற்றத்துக்கு அழைத்தார்.

“இதுக்கு மருந்து கிடையாதும்மா. ஆனா உள்ள நாலு வாய் போச்சுன்னா பனி உருகுற வரைக்கும் தாங்குவாரு. போகலைன்னா...”

“போகலைன்னா?”

டாக்டர் குதிரையின் கடிவாளத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

நாலு வாய் எங்கே போகிறது? பீன்ஸ் கொடுத்தாள், வாந்தி எடுத்தான். சோள ரொட்டியைப் பாலில் கரைத்துக் கொடுத்தாள், இருமலில் வெளியே வந்தது. பக்கத்து வீட்டு ஹோபார்ட் உப்புப் பன்றிக்கறி கொண்டுவந்தான், அந்த வாடைக்கே ஆர்வில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஒன்பது நாள் ஓடிவிட்டது. கன்னம் ஒட்டிப்போய் அவன் அப்பன் சாயல் வந்துவிட்டது. செத்துப்போன அப்பனின் சாயல்.

பத்தாம் நாள் காலை அவனே வாயைத் திறந்தான்.

“ஏ புள்ள. அணில் குழம்பு இருந்தா இறங்கும்னு தோணுது.”

அவ்வளவுதான். டெல்சி துப்பாக்கியைக் கையில் எடுத்துவிட்டாள். டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தால் மூன்று தோட்டா. அந்த வருஷம் வசந்தத்தில் விழுந்த பின்பனியில் பூவெல்லாம் கருகி, காட்டில் எந்த மரமும் காய்க்கவில்லை. அணில் கூட்டம் பாதி வேறு மலைக்குப் போய்விட்டது. மேட்டு விளிம்பில் ஒரே ஒரு ஹிக்கரி மரம் மட்டும் எப்படியோ தப்பித்து, அணில் தின்கிற கொட்டையாகக் காய்த்திருந்தது. அதன் அடியில் போய் உட்கார்ந்தாள்.

அணில் வந்தது. இவளைப் பார்த்தது. அந்தப் பக்கம் போனது. இவள் எழுந்து சுற்றினாள். அதுவும் சுற்றியது. இருபத்துமூன்று வருஷமாக அந்தப் பக்கம் நின்றவளுக்கு இந்தப் பக்கம் நின்றால் எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று சுற்று, நான்கு சுற்று. கால் மரத்துப்போனது. கடைசியில் வால் நுனி ஒரு கணம் தெரிந்ததும் ஆத்திரத்தில் விசையை அழுத்திவிட்டாள். பட்டைதான் பெயர்ந்து விழுந்தது.

வீட்டுக்கு வந்தால் அவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். வெடிச்சத்தம் கேட்டிருக்கிறது.

“கிடைச்சுதா?”

“மரத்துல பட்டுது.”

“மரம் செத்துருச்சா?”

அவனே சொல்லி அவனே சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், உதட்டோரம் ரத்தம் வந்தது. அவள் துடைத்துவிட்டாள். துடைத்துக்கொண்டே அழுதாள்.

“என்னால முடியலைய்யா. அந்தப் பக்கம் ஆள் இல்லாம எப்படிச் சுடுறது? ஹோபார்ட்டைக் கூப்பிடலாம்னா அவனுக்கு முழங்கால் வீங்கி மேடு ஏற முடியலை.”

“நான் வர்றேன்.”

“போதும் சும்மா இரு.”

சும்மா இருந்தானா? அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் பூட்ஸில் ஒரு காலை நுழைத்து, சுவரைப் பிடித்துக் கதவு வரைக்கும் வந்து, அங்கேயே சரிந்து கிடந்தான். வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து தூக்கினாள். முன்பெல்லாம் இரண்டு கையாலும் நகர்த்த முடியாத உடம்பு. இப்போது ஒரு கையே போதுமாக இருந்தது. அதை நினைத்து அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

“செத்துத் தொலைக்கணும்னு முடிவு பண்ணிட்டியா? பண்ணிட்டா சொல்லிடு! நான் இந்தத் துப்பாக்கியைத் தூக்கி ஆத்துல போட்டுட்டு நிம்மதியா உக்காந்திருக்கேன்!”

அவன் மூச்சுக்காக வெகுநேரம் போராடினான். பிறகு போர்வைக்கு மேல் கிடந்த தன் கோட்டைத் தொட்டுக் காட்டினான்.

“இதை எடுத்துட்டுப் போ. அந்தப் பக்கம் ஒரு புதர்ல மாட்டு. சணல் கயிறு கட்டி நீ உக்கார்ற இடம் வரைக்கும் கொண்டு வா. அணில் வந்ததும் இழு. அதுக்கு ஆளும் கோட்டும் ஒண்ணுதான்.”

பழுப்பு நிறக் கித்தான் கோட்டு அது. முழங்கையில் இரண்டு ஒட்டு, இரண்டும் டெல்சி போட்டவை. அவனிடம் இருந்த ஒரே கோட்டு. அதை எடுத்துக்கொண்டு போனால் அவனுக்குக் குளிருமே என்று யோசித்தாள். தன் பாவாடை ஒன்றையும் தலையணை உறைகளையும் போர்வைக்கு மேல் பரப்பிவிட்டு, மறுநாள் விடிகிற நேரத்தில் கிளம்பினாள்.

ஹிக்கரிக்கு அந்தப் பக்கம் ஒரு புதரில் கோட்டை மாட்டிப் பொத்தான் போட்டாள். காலரைத் தூக்கிவிட்டாள், அவன் அப்படித்தான் தூக்கிவிடுவான். கயிற்றை இந்தப் பக்கம் கொண்டுவந்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். வெளிச்சம் நன்றாக வந்த பிறகு அணில் ஒன்று வந்தது. கயிற்றை இழுத்தாள். கோட்டு ஆடியது. அணில் குபீரென்று இந்தப் பக்கம் வந்து அவளுக்கு நேர் எதிரே ஒட்டிக்கொண்டது. சுட்டாள். பட்டது!

பட்டு என்ன பிரயோஜனம்? விழுந்த அணில் பாதி வழியில் கிளைக் கவட்டில் சிக்கிக்கொண்டது. முப்பதடி உயரம். கல்லெடுத்து எறிந்தாள். கட்டையெடுத்து எறிந்தாள். ஏறிப் பார்த்தாள், உள்ளங்கை உரிந்ததுதான் மிச்சம். மரத்தில் தலையை வைத்துக்கொண்டு, “விடேன்! உனக்கு எதுக்கு அது? நீ என்ன சாப்பிடவா போறே? விடேன் சனியனே!” என்று கத்தினாள். பிறகு கடவுளையும் நான்கு வார்த்தை கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் அப்படிக் கேட்கலாமா என்று யாராவது சொன்னால், அவர்கள் பத்து நாள் பட்டினி கிடக்கிற புருஷனை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

ஒரு தோட்டா மிச்சம். அவள் மறுபடி போய் உட்கார்ந்தாள். இத்தனை சத்தத்துக்குப் பிறகு எந்த அணிலும் வராது என்று அவளுக்கே தெரியும். போக வேறு இடம் இல்லாததால் உட்கார்ந்தாள். வெயில் மேட்டுக்கு மேலே ஏறி, விரல் விறைத்து, கண்ணீர் கன்னத்தில் காய்ந்த பிறகு, ஒரு கிழட்டு ஆண் அணில் தயங்கித் தயங்கி வந்தது. காது கிழிந்தது. பசியாகத்தான் இருக்க வேண்டும் அதற்கும்.

கயிற்றை இழுத்தாள். கோட்டு தோளைக் குலுக்கியது. அவளுக்கு ஒரு கணம் துப்பாக்கியே மறந்துபோனது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஆர்வில் அங்கே நிற்கிறான், தடியாக, பழையபடி, அவளுக்காகப் புதரை உலுக்கிக்கொண்டு நிற்கிறான். அணில் இந்தப் பக்கம் வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு சுட்டாள். அது நேராக இலைச் சருகின் மேல் வந்து விழுந்தது. ஓடிப்போய் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

கிழட்டு அணில் கறி செருப்புத் தோல் மாதிரி இருக்கும். வாலடியில் கீறி, வாலை மிதித்துக்கொண்டு ஒரே இழுப்பில் உரித்தாள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மணி நேரம் வேகவைத்து, பிறகு மாவில் புரட்டிக் கொழுப்பில் பொரித்தாள். சட்டியில் ஒட்டியிருந்த மாவோடு கறி வெந்த தண்ணீரை ஊற்றிக் கிண்டிக்கொண்டிருந்தபோது ஹோபார்ட் நொண்டிக்கொண்டே முற்றத்துக்குள் வந்தான். வரும்போதே கத்தினான்.

“ஏலே ஆர்வில்! காலையில மேட்டுல உன்னைப் பாத்தேன்டா! ஆலைக்குப் போற வழியில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எழுந்துட்டான் நம்ம ஆளு, வேட்டைக்கே போயிட்டான்னு!”

உள்ளே வந்தான். கட்டிலைப் பார்த்தான். கட்டிலில் கிடந்ததைப் பார்த்தான். ஆணியில் தொங்கிய கோட்டையும் அதில் ஒட்டியிருந்த சருகையும் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

“ஆமாடா, போயிருந்தேன்” என்றான் ஆர்வில். “நான் அந்தப் பக்கம் நின்னேன். சுட்டது இவ.”

ஹோபார்ட் தொப்பியைக் கழற்றினான்.

“நல்லா நின்னேடா” என்றான். திரும்பி நொண்டிக்கொண்டே போய்விட்டான்.

டெல்சி ஆர்விலைத் தூக்கிச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தாள். தட்டில் தொடைக்கறி, குழம்பு, தலை. எப்போதும் போலத்தான் வைத்தாள். அவன் தலையை எடுத்து, மெதுவாக, அவள் தட்டில் வைத்தான்.

“என்னய்யா பண்றே?”

“சுட்டவங்களுக்குத்தானே தலை.”

“எனக்கு வேணாம். நீ தின்னு.”

“சட்டம் சட்டந்தான் புள்ள.”

“உன் சட்டத்துல இடி விழ! நான் இதைத் தின்னா நீ இனி சுட மாட்டேன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? மாட்டேன்! நீ தின்னு! தின்னு எழுந்து நடந்து போய்ச் சுடு!”

தட்டைத் தள்ளிவிட்டாள். குழம்பு போர்வையில் சிந்தியது. அவன் தன் கரண்டியை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி, அவளிடம் நீட்டினான்.

அவள் வாங்கினாள். மண்டையில் ஒரு தட்டுத் தட்டினாள். உறிஞ்சினாள். ருசி தெரியவில்லை. அவள் சாப்பிடத் தொடங்கியதும்தான் அவன் குழம்பைத் தொட்டான். ஒரு கரண்டி. இன்னொரு கரண்டி. ஏழு கரண்டி எண்ணினாள். வெளியே வரவில்லை, தங்கிவிட்டது.

மறுநாளும் மிச்சக் குழம்பில் ரொட்டியைத் தொட்டுக்கொண்டான். அதற்கடுத்த நாளும். அவள் பனி உருகுவதைப் பற்றியெல்லாம் நினைக்க ஆரம்பித்தாள். நாலாம் நாள் மத்தியானம், அவள் அடுப்புக்கு விறகு வைத்துவிட்டுத் திரும்பியபோது இருமல் நின்றிருந்தது. மூச்சும் நின்றிருந்தது.

அடக்கத்தன்று அவன் அக்கா செல்மா வந்தாள். பெட்டியில் தம்பியைச் சட்டையோடு பார்த்ததும் மாரில் அடித்துக்கொண்டாள். பிறகு ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்தாள்.

“இதைப் போட்டுவிடுங்க. ஆயுசு பூரா இதைத்தானே போட்டிருந்தான்.”

டெல்சி கோட்டின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம் அண்ணி.”

“மண்ணு உறைஞ்சு கிடக்கு. அவனுக்குக் குளிரும்டி! ஒரு கோட்டுக்குக் கணக்குப் பாக்குறியா? இப்படி ஒரு கல்நெஞ்சக்காரியா நீ?”

கூடியிருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களும் அதையேதான் நினைத்தார்கள் என்பது டெல்சிக்குத் தெரிந்தது. அவள் கையை விடவில்லை.

“அவருக்கு இனி குளிராது அண்ணி. எனக்குப் பசிக்கும். மரத்துக்கு அந்தப் பக்கம் நிக்க எனக்கு வேற யாரு இருக்கா?”

செல்மாவுக்கு அது புரிந்ததோ இல்லையோ, பிடியை விட்டாள். ஹோபார்ட்டுக்குப் புரிந்தது. எல்லோரும் கலைந்த பிறகு அவன் டெல்சியின் உள்ளங்கையில் ஒரு பிடி தோட்டாவை வைத்து மூடிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை விடிகாலையில் ஹோபார்ட் ஆலைக்குப் போகும்போது மேட்டை அண்ணாந்து பார்த்தான். ஹிக்கரி மரத்துக்கு அந்தப் பக்கம், காலரைத் தூக்கிவிட்ட பழுப்புக் கோட்டு ஒன்று புதரை உலுக்கிக்கொண்டு நின்றது. இந்த முறை அவன் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.