திரையில் வைத்த பொட்டு

ஆபீஸ் கம்ப்யூட்டரில் புது மெயில் வந்தால் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும். மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். நான் மட்டும் இன்றும் பயந்து திரும்பிப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் அவருடைய போனில் அதே சத்தத்தை வைத்திருந்தார். மாற்றச் சொன்னேன். இதற்கெல்லாமா பயப்படுவாய் என்று சிரித்தார். அவர் மாற்றிய பிறகுதான் அன்று தட்டில் சோறு விழுந்தது.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். காயத்தின் மேல் வைத்துக் கட்டும் காஸ் துணியை வெட்டி, மடித்து, கிருமி நீக்கி, உறையில் போட்டு ஒட்டி, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவோம். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ்.

என் வேலைக்கு ஆபீஸ் அசிஸ்டென்ட் என்று பெயர். உண்மையில் நான் அந்தக் கம்ப்யூட்டருக்கு வேலைக்காரி. நாற்பது நாளைக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்று என்று அடம் பிடிக்கும். பழையதையே கொடுத்தால் ஏற்காது, எளிதாகக் கொடுத்தால் பலவீனமானது என்று நம்மையே ஏசும். புதிதை நான் காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி வைப்பேன். ஒரு புது வருடத்தன்று பெருக்குகிற அக்கா பழைய காலண்டரைக் குப்பையில் போட்டுவிட, முதலாளி முன்னால் நான் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப் பாஸ்வேர்டைத் தேடினேன்.

முதலாளி திரையில் எதையும் படிக்க மாட்டார். வருகிற மெயில் ஒவ்வொன்றையும் தாளில் எடுத்து மேஜையில் வைக்க வேண்டும். தாள் இருந்தால் பிரிண்டரில் மை இருக்காது. இரண்டும் இருந்தால் தாள் உள்ளே சிக்கிக்கொள்ளும். இதில் ஸ்பேம் என்று ஒரு பெட்டி வேறு. நல்ல மெயில் எது, வேண்டாத மெயில் எது என்று கம்ப்யூட்டரே தீர்மானிக்குமாம். அதன் தீர்ப்பை நினைத்தால் எரிச்சல்தான் வரும். லாட்டரி விழுந்தது என்கிற மெயிலை நடு வீட்டில் உட்கார வைக்கும், பத்து வருடமாக நம்மிடம் வாங்குகிறவர் போட்ட ஆர்டரை ஸ்பேமில் தள்ளும். அதனால் தினமும் காலையில் முதல் வேலையாகத் திரையின் இடது பக்கம் பார்ப்பேன். ஸ்பேம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எண் இருந்தால் திறப்பேன். இல்லாவிட்டால் விட்டுவிடுவேன்.

கிருமி நீக்கிய துணியில் ஒவ்வொரு பேட்ச்சிலும் கொஞ்சம் எடுத்து வெளியூர் லேப் ஒன்றுக்கு அனுப்புவோம். அவர்கள் அதைக் கண்ணாடிக் குழாயில் போட்டுப் பதினான்கு நாள் வைத்துப் பார்ப்பார்கள். கிருமி இருந்தால் குழாயில் உள்ள நீர் கலங்கும். சரியாக இருந்தால் சான்றிதழ் தபாலில் வரும். அது ஆடி அசைந்துதான் வரும். தப்பு இருந்தால் மட்டும் உடனே மெயில் போடுவார்கள். ஆகவே எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. பதினான்கு நாள் முடிந்து மெயில் வரவில்லை என்றால் பேட்ச் பாஸ். அது சரியான முறை இல்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு தடவைகூடத் தப்பு வந்ததில்லை, அதனால் வழக்கமே முறை ஆகிவிட்டது.

அந்த வருடம் மதுரைக்குப் போக வேண்டிய ஒரு பேட்ச்சுக்குப் பதினான்காவது நாள் ஆயுத பூஜை அன்று வந்தது. முந்தின நாள் சாயங்காலமே தறி, தையல் மிஷின், கத்தரி, தராசு எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தோம். கம்ப்யூட்டர் என் பொறுப்பு. பழைய திரைக்கு அகலமான விளிம்பு இருந்தது, அதில் பொட்டு வைப்பேன். புதுத் திரைக்கு விளிம்பே இல்லை. எனவே கண்ணாடியிலேயே சந்தனத்தைக் குழைத்து மேலே நடுவில் ஒன்று, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று என்று வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தேன். பூஜை அன்று விடுமுறை, யாரும் எதையும் தொடக் கூடாது. பூஜையில் வைத்த பொட்டை நாமாகத் துடைக்கவும் கூடாது. அதுவாக உதிர வேண்டும்.

விஜயதசமி காலையில் மதுரைக்கு லாரி போக வேண்டும். நல்ல நாளில் முதல் லோடு. மிஷினைப் போட்டு மெயிலைத் திறந்தேன். இன்பாக்ஸில் வாழ்த்து மெயில்கள் வரிசையாக இருந்தன. இடது பக்கம் பார்த்தேன். எண் எதுவும் தெரியவில்லை. முதலாளி வாசலில் நின்று கேட்டார்.

"ஏம்மா, லேப்ல இருந்து மெயில் ஏதும் வந்திருக்கா? லாரி நிக்குது."

"இல்ல சார்."

அந்த இரண்டு சொல்லில் லாரி புறப்பட்டது. அன்று சாயங்காலம் அதே பேட்ச்சில் இரண்டு பெட்டியை நானும் எடுத்துப் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம் இருக்கிறது. அவர்களுக்குத் தேவைப்படும்போது போகிற வழியில் நானே கொடுத்துவிடுவேன். பஸ்ஸில் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே போனேன்.

அதற்கடுத்த மூன்றாம் நாள் மதியம், யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தேன். இடது ஓரத்துப் பொட்டு காய்ந்து வெடித்து, ஒரு சில்லு கீபோர்டில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பொட்டு இருந்த இடத்தில் ஸ்பேம் என்ற சொல்லும் பக்கத்தில் மூன்று என்ற எண்ணும் தெரிந்தன.

மூன்று நாளாக அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அது எதை மறைக்கிறது என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

திறந்தேன். இரண்டு விளம்பரம். மூன்றாவது லேப்பில் இருந்து. அவர்கள் மெயில் முகவரியை மாற்றியிருக்கிறார்கள், கம்ப்யூட்டருக்கு அது புது ஆள். பூஜை அன்று காலையில் வந்திருக்கிறது. பேட்ச் நம்பரைப் போட்டு, கிருமி வளர்ச்சி தெரிகிறது, சரக்கை அனுப்பாமல் நிறுத்தி வைக்கவும் என்று இரண்டே வரி.

பேட்ச் நம்பரை மதுரை லோடின் சீட்டோடு ஒத்துப் பார்த்தேன், அதேதான். அப்போது என் மனதில் முதலில் வந்தது எது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அழித்துவிடலாம் என்பதுதான். ஸ்பேமில் போன மெயில், யாரும் பார்க்கவில்லை, ஒரு தட்டு தட்டினால் போதும். அம்புக்குறியை அழிக்கிற இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியும் விட்டேன். நல்லவளாக இருந்து நான் நிறுத்தவில்லை. அந்த இரண்டு பெட்டியையும் வாங்கி அலமாரியில் அடுக்கிய நர்ஸ் அக்காவின் கை கண் முன்னால் வந்தது, அதனால் நிறுத்தினேன்.

முதலாளிக்குத் தாளில்தான் காட்ட வேண்டும் என்று அந்த நிலையிலும் பிரிண்ட் கொடுத்தேன் பாருங்கள், அதுதான் பழக்கம். தாள் சிக்கியது. இழுத்தேன், கிழிந்தது. கையில் வந்த பாதியோடு அவர் அறைக்கு ஓடினேன். நின்றுகொண்டே படித்துத் தமிழில் சொன்னேன். பொட்டைப் பற்றியும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. போனை எடுத்து மதுரை குடோனைப் பிடித்தார். பண்டிகை லீவில் ஆள் இல்லாததால் பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை என்றார்கள். ஒன்றையும் தொடாதீர்கள், லாரி வருகிறது என்று சொல்லி வைத்தார்.

"அந்த ரெண்டு பெட்டி?"

"நான்தான் சார் கொண்டு போய்க் குடுத்தேன்."

நர்சிங் ஹோமுக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. டிரைவர் சாப்பிட்டு வரட்டும், காரில் போ என்றார். எனக்கு நிற்க முடியவில்லை. ஓடிப் போய் பஸ் ஏறினேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அன்று அந்த பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் குடித்தனம் நடத்தியது. போகிற வழியெல்லாம் என்னால் முடிந்த கணக்கு ஒன்றுதான். மூன்று நாளில் எத்தனை உறை பிரித்திருப்பார்கள்?

ஒன்று. நர்ஸ் அக்கா பெட்டியைத் திறந்து எண்ணிவிட்டுச் சொன்னார்கள். பாக்கியை நான் கட்டி எடுப்பதற்குள் டாக்டரிடம் போய் வந்தார்கள். முந்தின நாள் ஆபரேஷன் செய்து பிள்ளை எடுத்த பெண் ஒருத்திக்கு வைத்திருக்கிறார்கள். வத்திராயிருப்புப் பக்கத்துப் பெண், தலைப்பிரசவம். டாக்டர் மருந்தைக் கூட்டி எழுதினார். தையல் பிரிக்கிற வரைக்கும் பார்ப்போம் என்றார். அந்தக் குடும்பத்திடம் என்ன சொல்வது என்று நான் கேட்டதற்கு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கிளம்பு என்றார். முதலாளியும் போனில் அதையேதான் சொன்னார்.

நான் கிளம்பவில்லை. அதாவது, கிளம்பி மறுநாள் சாயங்காலம் திரும்ப வந்தேன். அதற்கு மறுநாளும் வந்தேன். கட்டிலின் கால்மாட்டில் அட்டை தொங்கும், அதில் காய்ச்சல் எவ்வளவு என்று எழுதியிருக்கும். முதல் நாள் தொண்ணூற்றெட்டரை. இரண்டாம் நாள் நூற்றொன்று. அந்த எண்ணைப் பார்த்ததும் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். நர்ஸ் அக்கா என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

"பால் கட்டுனாலும் காய்ச்சல் அடிக்கும். அதுவா இதுவான்னு நாளைக்குத்தான் தெரியும். நீ இங்க நின்னு மூஞ்சியக் காட்டாத, அவிய பயந்திருவாக."

அன்று இரவு முழுக்க, அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் பிள்ளை தாயில்லாமல் வளரும், அதற்குக் காரணம் என் விரலில் இருந்த சந்தனம் என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை. மறுநாள் அட்டையில் தொண்ணூற்றொன்பது. அதற்கு மறுநாள் இன்னும் குறைந்தது. ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். காயம் சுத்தமாக ஆறியிருந்தது. அது மருந்தாலா, அந்த ஓர் உறையில் மட்டும் கிருமி இல்லாததாலா, பால் கட்டியதுதானா, எனக்கு இன்றுவரை தெரியாது.

எட்டாம் நாள் அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் நான் போய் நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தப் பெண்ணின் அம்மா என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். இத்தனை நாளும் என்னை ஆஸ்பத்திரி ஆள் என்றே நினைத்திருக்கிறார்.

"எம்புட்டு நாள் ஓடி ஓடி வந்து பாத்த. சொந்தக்காரவுக கூட அம்புட்டு வரல. இங்க என்ன வேல பாக்குற ஆத்தா?"

"இங்க இல்லம்மா. ராஜபாளையத்துல. கம்ப்யூட்டர் வேல."

"நல்ல வேலதான். உக்காந்து பாக்குறது. தப்பாப் போனாலும் உடனே அழிச்சிரலாம்னு எம்மவன் சொல்லுவான்."

சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவர் இடுப்பில் செருகியிருந்த சின்னப் பொட்டலத்தைப் பிரித்தார். ஆண்டாள் கோவில் குங்குமம், காலையில் போய் வாங்கி வந்ததாம். பிள்ளை பெற்ற வீட்டில் கொடுக்கிற குங்குமத்தை எந்தப் பெண்ணும் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள்.

"ஆமாம்மா, அழிச்சிரலாம்" என்று சொல்லி, அவர் வைக்கத் தோதாகத் தலை குனிந்துகொண்டேன்.