நடுவில் நடந்தவள்

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர்களும் அப்படித்தான், தரை துடைக்கிறவர்களும் அப்படித்தான். ஐம்பதை நெருங்கும் வயது. தரைத்தளத்தில் ஜன்னலே இல்லாத அறையில், ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டு, முன்பின் தெரியாதவர்களின் எலும்புகளை நாள் முழுக்கப் படம் எடுப்பாள். ஒரு ஆளோடு அவள் பேசுவது கொஞ்ச நேரம்தான். அதுவும் என்ன பேச்சு? "சங்கிலிய கழட்டிடுங்க. மூச்ச இழுத்துப் புடிங்க. அசையாதீங்க. ம்... விடுங்க." அடுத்த ஆள்.

வீட்டில் அதுவும் இல்லை. படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாணப் பேச்சு தள்ளிப்போய், தள்ளிப்போய், கடைசியில் யாரும் அதை எடுப்பதையே விட்டுவிட்டார்கள். அம்மா போன பிறகு மாடி போர்ஷனில் அவள் மட்டும். வாரக் கடைசியில் வேலை முடிந்து வந்து கதவைச் சாத்தினால், திங்கட்கிழமை வரை வாய் திறக்க வேண்டிய தேவையே வராது. ஒரு திங்கட்கிழமை முதல் நோயாளியைக் கூப்பிட வாயெடுத்தாள், குரல் வரவில்லை. சளி இல்லை, இருமல் இல்லை. பேசாமலே கிடந்து தொண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் அவளுக்குப் பயம் பிடித்தது.

அந்த வாரமே அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். குழந்தைகள் வார்டுக்கு டயாலிசிஸ் மெஷின் வாங்க நிதி திரட்டும் மலை நடை. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். அதற்கு முன்னால் ஞாயிறுதோறும் குழுவாகப் பயிற்சி. நடக்கிறவர்கள் தெரிந்தவர்களிடம் நன்கொடை கேட்டு வாங்கித் தர வேண்டும். தெரிந்தவர்கள் யார் என்று யோசித்தபோதுதான் திக்கென்றது. கடைசியில் எலும்பு டாக்டரையும் கேன்டீன்காரரையும் கீழ்வீட்டு அம்மாவையும் கேட்டாள். மூன்று பேரும் சரி என்றார்கள். "நீங்களா? மலையா?" என்று கேட்டதும் மூன்று பேரும்தான்.

பயிற்சி கொடுத்தவர் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் கேப்டன். "ஜோடி ஜோடியா நடங்க. ஒருத்தர் விழுந்தா இன்னொருத்தர் சத்தம் போடணும்" என்றார். எல்லோரும் யாருடனாவது வந்திருந்தார்கள். இவள் மிஞ்சினாள். கேப்டன் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு புருஷன் பெண்டாட்டியைக் காட்டினார். "நீங்க இவங்களோட சேந்துக்கோங்கம்மா."

புருஷன் வாஷிங் மெஷின் மெக்கானிக். மனைவி பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். அவளுடைய அக்கா பையன் அந்தக் குழந்தைகள் வார்டில் இருந்து பிழைத்து வந்தவன். அந்த நன்றியில் இருவரும் பேர் கொடுத்திருந்தார்கள். கொடுத்த பிறகு வீட்டில் சண்டை. அவளைக் கேட்காமலே அவன், வெளியூரில் கடை வைத்திருக்கும் தன் அண்ணனிடம், "நாங்க உங்க ஊருக்கே வந்துடறோம், கடைய சேந்து பாத்துக்கலாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டான். அப்படியானால் என் பார்லர் என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன ஆகும் என்று அவள் கேட்டதோடு பேச்சு நின்றுவிட்டது. நடைக்கு வருவதை மட்டும் இருவரும் விடவில்லை. விட்டுக்கொடுத்தால் தோற்றதாகிவிடும் அல்லவா?

"அக்கா, தண்ணி பாட்டில குடுக்கச் சொல்லுங்க அவர."

அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் நடந்துகொண்டிருந்தான். எக்ஸ்ரே அக்கா திரும்பினாள். "தம்பி, தண்ணி..."

"இப்பவே குடிச்சுத் தீத்துட்டா மேல ஏறும்போது என்ன பண்ணுவாங்களாம்? கேளுங்கக்கா."

இப்படியே பயிற்சிப் பாதையில் இருந்த தண்ணீர்த்தொட்டி மேடு வரை போனார்கள். திரும்பி வரும்போதும் அப்படித்தான். அன்றைக்கு அவள் பேசியதில் ஒரு வார்த்தைகூட அவளுடையது இல்லை. ஆனாலும் வீடு வந்து சேர்ந்தபோது தொண்டை வலித்தது. அந்த வலி அவளுக்குப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு வாரம் வேறு மாதிரி ஆனது. ஆஸ்பத்திரியில் லிஃப்டை விட்டுவிட்டு மாடிப்படி ஏறினாள். புது ஷூ குதிகாலைக் கடித்ததால், பழகட்டும் என்று வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். புதன்கிழமை ஆனாலே, 'இந்த வாரம் இரண்டும் என்னத்துக்கு முட்டிக்கொண்டு நிற்குமோ' என்று மனசு ஓடத் தொடங்கிவிடும். தூது போகிறவளுக்குரிய சாமர்த்தியமும் மெல்ல வந்தது. ஒருநாள் அவன், "புடிவாதம் மண்டைக்கு ஏறிப்போச்சுன்னு சொல்லுங்க" என்றான். இவள் கூசாமல் மனைவி பக்கம் திரும்பி, "ரொம்ப களைப்பா இருக்கியான்னு கேக்கறாரும்மா" என்றாள். அவன் சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது. பார்லர்க்காரி ஒரு கணம் இவளையே பார்த்துவிட்டுக் குபீரென்று சிரித்துவிட்டாள். அந்தப் பக்கம் அவனும் சிரிப்பை அடக்க இருமிக்கொண்டான்.

"அக்கா, ஒருநாள் பார்லருக்கு வாங்க. முடி ரொம்ப வறண்டு கெடக்கு" என்றாள் அவள். எக்ஸ்ரே அக்கா போனாள். நாற்காலியில் சாய்த்து, எண்ணெய் வைத்து, விரல்களால் தலையை அழுத்திவிட்டபோது அவளுக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. தோளைத் திருப்பி, முதுகை நிமிர்த்தி, நாள் முழுக்க எத்தனையோ பேரைத் தொடுகிறவள் அவள். அவளை யாரும் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"எரியுதாக்கா?"

"இல்லம்மா. தூக்கம் வருது."

மழை தூறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை இறக்கத்தில் பார்லர்க்காரியின் கால் வழுக்கியது. சத்தம் போட வேண்டியவள் எக்ஸ்ரே அக்கா. அவளுக்கு வாய் எழவில்லை. மெக்கானிக்தான் "ஐயோ, பாத்துடி!" என்று கத்திக்கொண்டு பாய்ந்து பிடித்தான். சேற்றிலேயே உட்கார்ந்து அவள் ஷூவைக் கழற்றி, காலை மடியில் வைத்துக்கொண்டான். "வலிக்குதா? இங்கயா? இங்கயா?" என்று நேராக அவளிடமே கேட்டான். "ம்" என்று அவளும் நேராக அவனிடமே சொன்னாள். எக்ஸ்ரே அக்கா இருவருக்கும் மேலாகக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் படம் எடுத்துப் பார்த்ததில் எலும்புக்கு ஒன்றுமில்லை, சுளுக்குதான். கதவுக்கு வெளியே மனைவியின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் நின்ற நிற்பைப் பார்த்தபோது, இனித் தன் தூது வேலை முடிந்தது என்று எக்ஸ்ரே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

கால் சரியாகி அவர்கள் திரும்பி வந்த பிறகு பேசிக்கொண்டே நடந்தார்கள். யாரும் அவளை ஒதுக்கவில்லை. "வாங்கக்கா, ஏன் பின்னாடியே வரீங்க?" என்று இருவருமே கேட்டார்கள். பாதை மூன்று பேருக்குக் குறுகலாக இருந்தது, அவ்வளவுதான். முன்பும் அது அதே பாதைதான். அப்போது மட்டும் எப்படியோ இடம் இருந்தது.

மலை நடை அன்று வானம் மூட்டமாக இருந்தது. பாதி ஏற்றத்தில் கேப்டன் நின்று, "என்னம்மா தனியா வரீங்க? உங்க ஜோடி எங்க?" என்று கேட்டார்.

"முன்னாடி போறாங்க சார்."

உச்சியில் மேகம் சூழ்ந்து ஒன்றுமே தெரியவில்லை. மறுபக்கம் தனியாகவே இறங்கினாள். கீழே, வந்தவர்களுக்கு அவரவர் வீட்டு ஆட்கள் துண்டும் பழச்சாறுமாகக் காத்திருந்தார்கள். பார்லர்க்காரி ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"அக்கா, உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். நாங்க அவங்க அண்ணன் ஊருக்கே போறோம். கடை முன்னாடியே எனக்கு ஒரு ரூம் ஒதுக்கித் தராங்களாம். பார்லர அங்கயே வெச்சுக்கலாம். அவரேதான் பேசி முடிச்சாரு!"

"எப்பம்மா?"

"அடுத்த மாசம்."

"நல்லதும்மா. ரொம்ப நல்லது." அதை அவள் மனசாரத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, ஷூ நாடாவைச் சரிசெய்வதுபோல் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தாள்.

டயாலிசிஸ் மெஷின் வந்துவிட்டது. விழாவில் எல்லோருக்கும் கைதட்டினார்கள். மெக்கானிக் வீட்டார் லாரியில் சாமான் ஏற்றிப் போனார்கள். போன புதிதில் அடிக்கடி போன் வந்தது. பிறகு, "அக்கா, கஸ்டமர் இருக்காங்க, அப்புறம் கூப்பிடறேன்" என்பதாகக் குறைந்தது.

பயிற்சியெல்லாம் முடிந்துபோன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்புக் கொள்ளாமல் அவள் கிளம்பிப் போனாள். தண்ணீர்த்தொட்டி மேட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது, நாயைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெண், "இந்தப் பாதை எதுவரைக்கும்ங்க போகும்?" என்று கேட்டாள்.

"மேல வரைக்கும் போகும். வளைவுல கொஞ்சம் வழுக்கும், ஓரமாப் புடிச்சுப் போங்க."

"சரிங்க, தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் நாயோடு மேலே ஏறினாள். கூட வரட்டுமா என்று கேட்டிருக்கலாம். கேட்க நினைப்பதற்குள் அந்தப் பெண் வளைவைத் தாண்டியிருந்தாள். எக்ஸ்ரே அக்கா பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து, கீழே இறங்கத் தொடங்கினாள்.