தேரூர் தெய்வநாயகம் பிள்ளையின் வெளிநாட்டு வீடு

தேரூர் தெய்வநாயகம் பிள்ளைக்கு ஐம்பத்திரண்டு வயதுவரை சொல்லிக்கொள்ளும்படி ஒரு ரகசியமும் இருந்ததில்லை. வருஷத்துக்கு இரண்டு பூ விளையும் வயல், குளத்தங்கரையில் சிறிய தென்னந்தோப்பு, பிள்ளைகள் இல்லாத வீடு, வடிவாம்பாள் என்கிற மனைவி. வெங்காயத்தையே யோசித்துச் சேர்க்கிற சைவக் குடும்பம். வடிவாம்பாள் வைக்கும் வறுத்தரைத்த தீயல் குழம்புக்கு உறவு வட்டாரத்தில் பெயர் உண்டு. கல்யாண வீட்டுச் சமையலுக்குத் தவசிப்பிள்ளை வந்திருந்தாலும், தேங்காயும் மல்லியும் வறுக்கும் பதத்துக்கு அவளைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் அம்மியில் வைப்பார்கள்.

1946-இல் ஒரு வாய்க்கால் வழக்குக்குச் சாட்சி சொல்லப் பிள்ளை தக்கலைக்குப் போனார். பசி கண்ணை அடைத்தது. எதிரே தென்பட்ட ஹோட்டலில் போர்டைப் பார்க்காமல் போய் உட்கார்ந்துவிட்டார். பரிமாறியவர் சோற்றில் குழி செய்து குழம்பை ஊற்றினார். நிறத்தையும் மணத்தையும் வைத்துத் தீயல் என்றே பிள்ளை நினைத்தார். மூன்றாம் முறை ஊற்றச் சொன்னபோது குழம்போடு ஒரு துண்டும் விழுந்தது. சேனைக்கிழங்கு என்று வாயில் போட்டார். அதில் முள் இருந்தது.

வேறொருவர் என்றால் இலையைவிட்டு எழுந்து ஓடியிருப்பார். பிள்ளை சற்று நேரம் யோசித்தார். பிறகு முள்ளை எடுத்து இலையோரம் வைத்துவிட்டு, இன்னொரு துண்டு கேட்டார்.

வழக்கு முடிந்த பிறகும் அவருக்குத் தக்கலையில் வேலை தீரவில்லை. ஆனால் அங்கே கோர்ட்டுக் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த பகவதியப்பன், வடிவாம்பாளின் சித்தப்பா மகன். ஒருநாள் அவன் அதே ஹோட்டல் வாசலில் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருக்க, பிள்ளை கை கழுவாமல் பின்வாசல் வழியே வெளியேறி, பத்மநாபபுரம் கோட்டைச் சுவர்வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தார். சரி, மணக்குடிக்குப் போகலாம் என்றால், அந்தக் கடற்கரையில் மீன் எடுத்து விற்கும் பெண்கள் எல்லாரும் அவருடைய தோப்பு வழியாகத்தான் தினமும் போகிறவர்கள். திருவிதாங்கூர் முழுக்கத் தேடினாலும் தெரிந்த முகம் இல்லாத ஒரு கடற்கரை அகப்படாது என்று அவருக்குப் பட்டது.

அப்படியிருக்கும்போதுதான் 1947 ஆனி மாதம் வந்தது. வெள்ளைக்காரன் போனதும் திருவிதாங்கூர் தனி நாடாகிவிடும் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். ஊரில் சிலர் கொதித்தார்கள், சிலர் பயந்தார்கள். பிள்ளை மட்டும் அன்று வெற்றிலையை மெதுவாக மென்றார். எல்லையில் இருக்கும் அஞ்சுகிராமத்துச் சுங்கச் சவுக்கையைத் தாண்டினால் அது வேறு தேசம். அங்கேயும் கடல் இருக்கிறது. அந்தக் கடலிலும் மீன் இருக்கிறது.

தமக்கு மூச்சு முட்டுவதாகவும், கடல்காற்று படுகிற இடத்தில் வாரம் இரண்டு நாள் இருக்கும்படி வைத்தியர் சொன்னதாகவும், அதற்காக வெளிநாட்டில் கொஞ்சம் நிலம் வாங்கப்போவதாகவும் வீட்டில் அறிவித்தார்.

"கடல்காத்து நம்ம மணக்குடியில அடிக்கல்லியா?" என்றாள் வடிவாம்பாள்.

"அது திருவிதாங்கூர் காத்து, ஏட்டி. எனக்கு ஒத்துக்கிடாது."

எல்லைக்கு அப்பால் சவேரியார்குடி என்ற கடற்கரை ஊரில், ததேயுஸ் என்ற வலைக்காரரிடம் ஒரு துண்டு மணல் நிலம் கிடைத்தது. ஏழு பனைமரம், ஒரு கிணறு, முன்னால் கடல். பத்திரம் பதிகிற இடத்தில் பிள்ளை பழக்க தோஷத்தில் 1122 என்று கொல்லம் ஆண்டைப் போட்டுக் கையெழுத்து வைக்க, எழுத்தர் கண்ணாடியைக் கழற்றி அவரை உற்றுப் பார்த்தார். இங்கே இன்னும் அத்தனை வருஷம் பின்னால் போகவில்லை என்று சொல்லி, வேறு தாள் எடுத்தார். வெளிநாட்டில் காலமே வேறு என்று பிள்ளை ஊரில் வந்து சொன்னார்.

வீடு எழும்பிக்கொண்டிருந்தபோதே திருவிதாங்கூர் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. பிள்ளைக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் சவுக்கையை யாரும் எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டுத் தெளிந்தார். சேவகர்கள் இருந்தார்கள், சோதனை இருந்தது, போதும். நாகர்கோவிலிலிருந்து ஓடு ஏற்றிய வண்டியை அவர்கள் பேசாமல் விட்டார்கள். அவருடைய மடியில் இருந்த அரைப்படி அரிசியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பஞ்ச காலம், அரிசி எல்லை தாண்டக்கூடாது என்று உத்தரவு. பத்தாயம் நிறைய நெல் வைத்திருக்கிற மனிதர், சொந்த வீட்டில் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு தின்னும்படி ஆயிற்று. மீனுக்கு அதுதான் ஜோடி என்பதை ததேயுஸின் மனைவி ஞானசெல்வி முதல் சனிக்கிழமையே அவருக்குக் காட்டிக்கொடுத்தாள்.

அதன்பின் சனிதோறும் போய்த் திங்களன்று திரும்பினார். சாளை, நெத்திலி, அயலை என்று காலத்துக்குத் தக்கபடி ஞானசெல்வி சட்டியோடு கொண்டுவந்து வைப்பாள். புறப்படுமுன் கடலில் ஒரு முழுக்கு, கிணற்றில் ஒரு குளியல், நெற்றி நிறைய விபூதி, வாயில் ஏலக்காய். இரண்டு வருஷத்தில் கன்னம் உப்பியது, சட்டைக்குப் பொத்தான் எட்டவில்லை. கடல்காற்று மனிதரை எப்படித் தேற்றியிருக்கிறது என்று வடிவாம்பாள் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அதுதான் வினையாகப் போயிற்று.

சவுக்கைகளை எடுத்துவிட்டார்கள். பஸ் ஓடத் தொடங்கியது. 1951 தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் மூட்டுவலிக்குக் கடல்காற்று நல்லதா என்று பார்த்துவிடலாம் என்று, தூக்குச்சட்டியில் புளியோதரையோடு வடிவாம்பாள் தனியாகச் சவேரியார்குடியில் வந்து இறங்கினாள்.

அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது பிள்ளை இரண்டாவது அயலையில் இருந்தார். தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் கூட்டமா என்று கேட்டார். குரல் சரியாகத்தான் வந்தது. ஆனால் அந்த வீட்டை நம்பி நாலு பூனைகள் இருந்தன. நாலும் எழுந்து, ஒன்றின்பின் ஒன்றாகக் கட்டிலுக்கு அடியில் போயின.

வடிவாம்பாள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து தூக்குச்சட்டியைத் தரையில் வைத்தாள்.

"இதுவளும் கடல்காத்தத்தான் தின்னுதா?"

பிள்ளை தலையணையைப் பார்த்தார். அவள் வெளியே போய், பனைமூட்டு நிழலில் கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். கை கழுவி வாய் கொப்பளித்துவிட்டு அவரும் போய்ப் பத்தடி தள்ளி நின்றார். சாமி குற்றம், குடும்ப மானம் என்று அவள் ஆரம்பிப்பாள், எப்படியும் காலில் விழுந்துவிடலாம் என்று ஆயத்தமாக இருந்தார். அவள் கேட்டது வேறு.

"முப்பது வருசம் நான் வச்ச குழம்புல என்ன கொறயக் கண்டிய?"

இந்தக் கேள்வியை அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் காலிச் சட்டியை எடுக்க ஞானசெல்வி வந்தாள். வந்திருப்பது யார் என்பது அவளுக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. ஓடிவந்து பக்கத்தில் மணலில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஆச்சி, நீங்கதானா அது? நான் வைக்கிற குழம்பு முதல்ல இவுகளுக்குப் பிடிக்கவே இல்ல. 'எங்க வீட்டுல அவ தேங்காயைக் கருக விடாம இத்தனை நேரம் வறுப்பா, மல்லியக் கடைசியிலதான் போடுவா'ன்னு உங்க பக்குவத்தச் சொல்லிச் சொல்லி என்னைப் பழக்கிட்டாக. இப்ப எங்க தெருவுல எல்லாரும் தேரூர் ஆச்சி குழம்புன்னுதான் சொல்லுதாங்க."

தன் பக்குவம் ஒரு கடற்கரைத் தெருவில் மீனோடு கொதித்துக்கொண்டிருக்கிறது என்பதற்குக் கோபப்படுவதா, வேறு என்ன செய்வது என்று வடிவாம்பாளுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் ஞானசெல்வியிடம், வறுக்கும்போது ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் விடுகிறாளா என்று கேட்டாள். இல்லை என்றாள் ஞானசெல்வி.

"அதச் சொல்ல மறந்துட்டாரு," என்றாள் வடிவாம்பாள்.

மன்னிப்பு என்று அவள் வாயால் சொல்லவில்லை. சட்டம்தான் சொன்னாள். தின்பது ததேயுஸ் வீட்டில், திரும்பி வரும்போது குளியல், அந்தப் பூனைகள் படி ஏறக்கூடாது. பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மூட்டுவலிக்குக் கடல்காற்று உண்மையாகவே நல்லதாக இருந்தது. முதலில் மாதம் ஒருமுறை வந்தவள், பிறகு அறுவடைக்கு மட்டும் தேரூர் போகிறவளானாள். ஞானசெல்விக்கு நார்த்தங்காய் ஊறுகாய் போடக் கற்றுக்கொடுத்தாள். வள்ளம் கரை ஏறும்போதே என்ன மீன் என்று வாடையை வைத்துச் சொல்லப் பழகினாள். மீனைத் தொடமாட்டாள், வீட்டுக்குள் அதன் பெயரைச் சொல்லவும் மாட்டாள்.

1956 ஐப்பசியில், நாஞ்சில் நாடு சென்னை மாகாணத்தோடு சேர்ந்த அன்று, இரண்டு கரையும் ஒரே மாகாணமாகிவிட்டதே, இனி இந்த வீட்டைப் பிள்ளைவாள் என்ன சொல்லி அழைப்பார் என்று ததேயுஸ் கேட்டார். பிள்ளைக்கு அதைக் காதில் வாங்க நேரமில்லை. அவர் கண்ணெல்லாம் கடற்கரையில் இருந்தது. அங்கே ஏலக்கூட்டத்திலிருந்து பத்தடி தள்ளி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வடிவாம்பாள் நின்றாள். வலது கையில் மடக்கிய குடை இருந்தது.

"அது வேண்டாம், நேத்தைக்குள்ளது. கண்ணப் பாரு, வெளுத்துக் கெடக்கு," என்று ஞானசெல்வியிடம் சொல்லிவிட்டு, குடையின் நுனியால் அடுத்த குவியலைக் காட்டினாள்.