சகலை வண்டியின் அசையாத முள்

வண்டி ஸ்டாண்டில் அவருக்கு 'முள்ளு' என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் லைசென்சில் இருக்கிறது, அது பாட்டுக்கு அங்கேயே இருக்கட்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரே பிக்கப் வண்டிதான். வீடு மாறுகிறவர்களின் கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் எல்லாம் ஏற்றி இறக்குவது பிழைப்பு. அவர் கட்டிய கயிறு அவிழ்ந்து ஒரு நாற்காலிக் கால்கூட ஒடிந்ததில்லை. தொழிலில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ஓட்டும்போது ரோட்டைப் பார்க்கிற அளவுக்கு, எஞ்சின் சூடு காட்டும் முள்ளையும் பார்த்துக்கொண்டே இருப்பார். அதனால்தான் அந்தப் பெயர்.

இந்த வியாதி எப்போது தொற்றியது என்கிறீர்களா? அவர் மனைவியின் தங்கை புருஷன், அதாவது சகலை, புதுப் பிக்கப் வாங்கிய அன்றைக்கு. அவனுக்கும் அதே தொழில்தான். ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனான். ஏசி ஓடியது, பாட்டு ஓடியது. பாலம் ஏறி இறங்கியபோது, "அண்ணே, முள்ளப் பாருங்க! எவ்வளவு மேடு ஏறினாலும் நட்ட நடுவுலயே நிக்கும். அசையாது!" என்றான்.

அத்தோடு விட்டிருந்தால் போயிருக்கும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது மனைவி, "நம்ம வண்டி முள்ளு ஏங்க அப்பப்ப மேல ஏறுது? அவரு வண்டில அசையவே இல்லையே" என்று கேட்டுவிட்டாள். சும்மாதான் கேட்டாள். ஆனால் மனுஷனுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. அன்றிலிருந்து அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று. 'ஆயிரம் இருந்தாலும் எங்க வீட்டுக்காரருக்கு ஈடாகுமா' என்று அவள் வாயால் ஒரு வார்த்தை. அதைக் கேட்காமல் சாப்பாடு இறங்காது என்று ஆகிவிட்டது.

நேரே மெக்கானிக்கிடம் போனார். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் மறிக்கும் சின்ன வால்வு ஒன்று உண்டே, தெர்மோஸ்டாட், அதைக் கழற்றி எறியச் சொன்னார். மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டான். அப்புறம் பிடிவாதம் தாங்காமல் கழற்றிக் கொடுத்தான். முள் அடியிலேயே படுத்துக்கொண்டது. மனுஷனுக்கு ஒரே கொண்டாட்டம்! "அவனுது நடுவுல நிக்குது, நம்மளுது எந்திரிக்கவே மாட்டேங்குது பாத்தியா?" என்று மனைவியிடம் காட்டினார். அவள் அரிசி களைந்துகொண்டே "ம்" என்றாள். அந்த 'ம்'மை வைத்து என்ன செய்வது?

மாதம் முடிவதற்குள் வண்டி டீசலைக் குடம் குடமாகக் குடித்தது. காலையில் கிளப்பினால் தெருவே புகை. மறுபடி மெக்கானிக்.

"எஞ்சின்னா தொண்ணூறு டிகிரி பக்கமா சூடா இருக்கணும்ணே. சில்லுனு இருக்க அது என்ன ஐஸ் பெட்டியா?" என்று அவன் கத்தினான். "லோடோட மேடு ஏறினா கொஞ்சம் ஏறும், இறக்கத்துல இறங்கும். அதுதான் ஒழுங்கு. உங்க முள்ளு உள்ளத உள்ளபடி சொல்லுது. உங்க சகலை வண்டில எண்பது டிகிரி இருந்தாலும் நடுவுல நிக்கும், நூறு இருந்தாலும் நடுவுலயே நிக்கும். ஓட்டுறவன் பயப்படக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் அப்படிச் செஞ்சி விட்டிருக்கான். தண்ணி ஒழுகிப் போச்சுன்னா, சூட்டை அளக்கத் தண்ணியே இல்லாம, அப்பவும் அது பாட்டுக்குக் கம்முனு நிக்கும்."

வேறு யாராக இருந்தாலும் இதைக் கேட்டு மனம் ஆறியிருப்பார்கள். முள்ளு என்ன சொன்னார் தெரியுமா? "அப்பகூட பயமில்லாம நிம்மதியா ஓட்டுறது அவன்தானேடா!" பொறாமை வந்தவனுக்கு எதைக் கொடுத்தாலும் அதிலும் ஒரு எரிச்சல் கிடைத்துவிடுகிறது. மெக்கானிக் புது வால்வை மாட்டி அனுப்பினான்.

இப்படி இருக்கும்போது மாமனார் மலைமேல் இருக்கும் ஊருக்கு வீடு மாறினார். இரண்டு மாப்பிள்ளைகளும் இரண்டு வண்டியில் சாமான் ஏற்றினார்கள். பீரோவும் பிரிட்ஜும் சகலை வண்டியில், கட்டிலும் பாத்திர மூட்டையும் முள்ளு வண்டியில். கிளம்பும்போது மனைவி, "ஏங்க, நான் தங்கச்சிகூடப் பேசிக்கிட்டே வரேன். அதுல ஏசி இருக்கு" என்று முன்வண்டியில் ஏறிக்கொண்டாள். அக்கா தங்கை பேச ஆயிரம் இருக்கும். ஆனால் முள்ளு காதில் விழுந்தது ஏசி மட்டும்தான். பக்கத்துக் காலி சீட்டைப் பார்த்துப் பார்த்துக் கரித்துக் கொட்டிக்கொண்டே பின்னால் போனார்.

பாதி மலையில் ஒரு வாசனை வந்தது. சர்க்கரையை வாணலியில் தீய விட்டது போல, தித்திப்பாக. எத்தனை வருஷ டிரைவர்! எஞ்சினைக் குளிர வைக்கும் கூலண்ட் தண்ணீரின் வாசனை என்று அடுத்த மூச்சிலேயே தெரிந்துவிட்டது. குனிந்து ரோட்டைப் பார்த்தார். முன்வண்டிக்கு அடியிலிருந்து பச்சைத் தண்ணீர் கோடு போட்டுக்கொண்டே வந்தது.

கை ஹாரன்மேல் போனது. அழுத்தவில்லை.

'அடிச்சாத்தான் என்ன? நன்றின்னா சொல்லப் போறான்? முள்ளு நடுவுலதாண்ணே இருக்குன்னு இளிப்பான். இவளும் சேர்ந்து சிரிப்பா. ஒழுகட்டும். அசையாத முள்ளு அழகை இன்னைக்கு எல்லாரும் பாக்கட்டும்.' நினைக்க நினைக்க மனசு குளுகுளுவென்று இருந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்? ஒரு வளைவு போனது. இன்னொரு வளைவு போனது. ஹாரன்மேல் கை இருந்தபடியே இருந்தது.

மூன்றாவது வளைவில் முன்வண்டி ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. பானெட்டிலிருந்து ஆவி பொங்கியது. பெண்கள் இரண்டு பேரும் அலறியடித்து இறங்கினார்கள், நல்லவேளை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சகலை போனில் மெக்கானிக்கிடம் விவரம் சொன்னான். எஞ்சின் ஹெட்டே வளைந்திருக்கும், முழுசாகப் பிரிக்க வேண்டும் என்று பதில் வந்தது. தவணை பாதிகூடக் கட்டாத வண்டி. அவன் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். "நடுவுலதாண்ணே இருந்துச்சு... கடைசி வரைக்கும் நடுவுலதாண்ணே இருந்துச்சு" என்றான். முள்ளு அவன் தோளில் கை வைத்தார். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இழுவை வண்டி வரும்வரை சகலையும் அவன் மனைவியும் அங்கேயே இருப்பதாக ஏற்பாடு. முள்ளு தன் லோடை மேலே இறக்கிவிட்டுத் திரும்பி வர வேண்டும். மனைவி வந்து பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வண்டி கிளம்பியது. அப்புறம் அவளே ஆரம்பித்தாள்.

"எனக்கு அப்பவே ஒரு வாசனை வந்துச்சுங்க. தம்பி, ஏதோ தீயுது, நிறுத்திப் பாருங்கன்னு சொன்னேன். அவரும் ஓரங்கட்டப் போனாரு."

"அப்புறம்?"

"நான்தான் வேண்டாம்னுட்டேன். கண்ணாடில பாத்தா நீங்க பின்னாடியே வர்றீங்க. 'எங்க வீட்டுக்காரரு வர்றாரு தம்பி. முள்ளு என்ன முள்ளு, ஏதாச்சும்னா அவரு ஹாரன் அடிச்சிருப்பாரு. அடிக்கல, அதனால ஒண்ணும் இருக்காது, போங்க'ன்னு சொன்னேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஏங்க, உங்களுக்கு வாசனையே வரலையா?"

அவர் மூக்கை ஒருமுறை உறிஞ்சினார்.

"சளி" என்றார். "ரெண்டு நாளா மூக்கு அடைச்சிருக்கு."

"அதானே பாத்தேன். வந்திருந்தா நீங்க சும்மா இருப்பீங்களா?" என்று சொல்லி, குளிர்காற்று படக்கூடாதென்று அவர் மேல் சாய்ந்து, அவர் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

வண்டி மேடு ஏறிக்கொண்டிருந்தது. அவள் நினைப்பில் ஒரு வீட்டுக்காரர் இருந்தார். வாசனை வந்தால் ஹாரன் அடிக்கிற மனுஷன். அவரை நம்பித்தான் அவள் அத்தனை தூரம் நிம்மதியாகப் போயிருக்கிறாள். அந்த மனுஷன் மேல் முள்ளுக்கு வந்த பொறாமை, சகலை மேல்கூட ஒருநாளும் வந்ததில்லை.